பிறகு என்று சொன்னால் எத்தனை வருடம்?



"முதலில் தம்பி படிக்கட்டும். இவளை பிறகு பார்ப்போம்." சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு மகளின் படிப்பை நிறுத்தும் தாய்மார் பலர் சொல்லும் வார்த்தை இது. கணவனையும் சொந்த ஊரையும் இழந்து, வண்ணாத்திவில்லுப் பக்கம் வந்து கூலி வேலை செய்து அடுப்பெரிக்கும் தாய் இப்படிச் சொன்னால் அவளைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இதே எண்ணம் கொண்டிருந்த படித்த பெரியவர் ஒருவர் உண்டு. அந்த எண்ணத்தால் என்ன நடந்தது என்று இம்மாதம் பார்ப்போம்.

வட இந்தியாவிலுள்ள அலிகாரில் 1875இல் சேர் செய்யது அஹ்மத் கான் முஸ்லிம் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கல்விக்கூடம் ஆரம்பித்தார். 1920இல் அது அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆண்கள் முதலில் படித்தால் அவர்கள் மூலம் பெண்களுக்கும் கல்வி வந்து சேரும் என்பது அவர் கருத்து.

அது தானாக வந்து சேரவில்லை. அங்கே படித்த வழக்கறிஞர் ஷேக் அப்துல்லாஹ்வும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் ஒரு வாடகை வீட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதற்குள் 31 வருடங்கள் போய்விட்டன. ஊரில் எதிர்ப்பு இருந்தது. பிள்ளைகள் திரை போட்ட பல்லக்கில் வந்து படித்தார்கள். 1914இல் விடுதி திறந்தார்கள். விடுதிப் பிள்ளைகளை வஹீத் ஜஹான் தன் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டார். அந்த நம்பிக்கையில்தான் தூர ஊர்த் தாய்மாரும் மகள்மாரை அனுப்பினார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. பயமின்றிப் போய்வர வழியும் தங்க இடமும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சிறிய பள்ளிக்கூடம் 1930களில் பட்டப்படிப்பு நடத்தும் பெண்கள் கல்லூரியாகி, பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அப்படியும் எல்லாக் கதவும் திறக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகத்துக்குள் பெண்கள் கல்லூரி மாணவிகள் போக முடியாதிருந்தது. 2014இல் விஷயம் அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போன பிறகே வழி பிறந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். கேம்பிரிட்ஜில் முதல் பெண்கள் கல்லூரி 1869இல் வந்தது. பெண்களுக்கு முழுமையான பட்டம் 1948இல்தான் கிடைத்தது.

அலிகார் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் ஒரு பெண். போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம். ஆனால் அதை நடத்தும் துணைவேந்தர் பதவிக்கு ஒரு பெண் வர 2024 ஆயிற்று. அவர் பேராசிரியர் நைமா கத்தூன். அதுவரை அந்தப் பெண்கள் கல்லூரியின் அதிபராக இருந்தவர்.

சகோதரிகளே, "பிறகு" என்ற ஒரு சொல் எத்தனை தலைமுறையைத் தின்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் அரச பாடசாலையிலும் அரச பல்கலைக்கழகத்திலும் படிப்பு இலவசம். பல்கலைக்கழகம் போனால் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மஹாபொல புலமைப்பரிசில் உண்டு. உயர்தர வகுப்புள்ள பாடசாலை தூரமா? அதே வழியில் போகும் பிள்ளைகளின் தாய்மார் நாலு பேர் கூடிப் பேசுங்கள். பிள்ளைகள் ஒன்றாகப் போய் ஒன்றாக வரட்டும். காசுக் கஷ்டமா? படிப்பை நிறுத்துவதற்கு முன் அதிபரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தம்பியும் படிக்கட்டும். அக்காவும் இப்போதே படிக்கட்டும்.