கடினமான ஆட்டங்களே கதி

“எஞ்சிய ஆட்டங்கள் நம் பிரிவின் பலசாலிகளோடு, எதிரிக்கோ எளிய கோஷ்டிகளே மிச்சம், ஆகவே பட்டம் கைநழுவிற்று” என்று பேஸ்பால் ரசிகர்கள் சிலர் சாதிக்கும் வாதத்தை நான் அடியோடு மறுக்கிறேன்.

கடுமையான அட்டவணை பந்தெறிவோரைக் களைப்புறச் செய்யும் என்பது மெய்யே. ஆயினும், முன்னணியில் நிற்பவனை நேருக்கு நேர் வெல்லும்போதுதான், நம் கணக்கில் ஜயமும் அவன் கணக்கில் அபஜயமும் ஒருங்கே ஏறி, இடைவெளி முழுதாக ஓர் ஆட்டம் குறைகிறது. பிறரை வென்றால் பாதியே நம் வசம், மறுபாதி அந்நியர் தயவு.

1978 ஜூலையில், அமெரிக்கன் லீகின் கிழக்குப் பிரிவில் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு 14 ஆட்டங்கள் பின்தங்கியிருந்த நியூயார்க் யாங்கீஸ், செப்டம்பரில் அவர்களுடைய ஃபென்வே மைதானத்துக்கே 4 ஆட்டப் பின்னடைவோடு சென்று, நான்கிலும் சேர்த்து 42-க்கு 9 என்ற ஓட்டக் கணக்கில் வென்று, சமநிலை எய்தவில்லையா? அதே யாங்கீஸ், பட்டப் போட்டியில் சம்பந்தமேயற்ற கிளீவ்லாந்திடம் கடைசி நாளில் தோற்றதனாலன்றோ, பாஸ்டனோடு மீண்டும் சமநிலையாகி, யாங்கீஸ் வீரர் பக்கி டெண்டின் ஹோம் ரன்னால் கீர்த்தி பெற்ற, பிரிவுப் பட்டத்தைத் தீர்மானிக்கும் தனி ஆட்டம் அவசியமாயிற்று!

எளியவர் என்று நாம் எண்ணியவர் பட்டத்தைப் பறிக்கவும், வலியவர் என்று அஞ்சியவர் அதை அளிக்கவும் கூடுமாதலால், அட்டவணையைக் கண்டு புலம்புவோர் தம் கோஷ்டிக்கு வாய்த்த ஒரே நேர்வழியை நிந்திக்கிறார்கள் என்பேன்.