மெனு பாரை ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

டெக்ஸ்ட் எடிட்டர் என்பது ரொம்ப சாதாரணமான ஒரு சாஃப்ட்வேர். டைப் அடிக்க வேண்டும், சேவ் செய்ய வேண்டும், தேட வேண்டும், மாற்ற வேண்டும், பிரிண்ட் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்த நாலைந்து வேலைக்கான பட்டன்களை எங்கே வைப்பது என்பதில் கால் நூற்றாண்டாக ஒரு அநியாயம் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்பதற்காக அது நியாயம் ஆகிவிடாது மக்களே!

எடிட்டரில் இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று மெனு பார். ஃபைல், எடிட், வியூ, ஹெல்ப் என்று வார்த்தைகளாக இருக்கும். இன்னொன்று டூல்பார். குட்டிக் குட்டிப் படங்களாக இருக்கும். மெனு பார் ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. எல்லாருக்கும் பொது, அதனால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். டூல்பார் அவரவர் மேஜை மாதிரி. பேனாவை வலது பக்கம் வைப்பதா இடது பக்கம் வைப்பதா என்பதை அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ். பஸ் ஸ்டாண்டை ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றுகிறார்கள். மேஜையை மட்டும் ஆணி அடித்து வைக்கிறார்கள்!

கொஞ்சம் பழைய கதை. டாஸ் காலத்தில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு வழி. வேர்ட்பெர்ஃபெக்டில் சேவ் செய்ய எஃப்10, உதவிக்கு எஃப்3, வெளியேற எஃப்7. வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல்-கே அடித்து அப்புறம் எஸ். வேர்ட்பெர்ஃபெக்ட் வைத்திருந்தவர்கள் எந்தக் கீ எதற்கு என்று அச்சடித்த அட்டையைக் கீபோர்டு மேலேயே மாட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் 1983-இல் ஆப்பிள் லிசாவும் 1984-இல் மேக்கின்டாஷும் மெனு பாரை மக்களிடம் கொண்டு வந்தன. 1987-இல் ஐபிஎம் 'காமன் யூசர் ஆக்சஸ்' என்று ஒரு விதிமுறையே வெளியிட்டது. ஃபைல் முதலில், அடுத்து எடிட், கடைசியில் ஹெல்ப். எஃப்1 அடித்தால் உதவி. விண்டோஸும் பெரும்பாலும் இதே வழியில் வந்தது.

இதனால் என்ன லாபம்? ஒரு சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டவருக்கு அடுத்த சாஃப்ட்வேர் பாதி தெரிந்த மாதிரி ஆயிற்று. நோட்பேடு தெரிந்தவர் வேர்டைத் திறந்தால் மிரள வேண்டியதில்லை. கிளாஸ், சர்டிஃபிகேட் எதுவும் இல்லாமல் லட்சக்கணக்கான பேருக்குக் கிடைத்த கல்வி அது.

முதலில் கை வைத்தது ஆபீஸ் 2000. மெனுவைத் திறந்தால் அடிக்கடி பயன்படுத்துகிற சமாச்சாரம் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் ஒளிந்திருக்கும். கீழே இருக்கும் அம்புக்குறியைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் சில நொடி காத்திருக்க வேண்டும். நேற்று நாலாவதாக இருந்தது இன்று ஏழாவதாக இருக்கும். கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் காணாமலே போகும். 'உங்களுக்காக எளிமையாக்கினோம்' என்பதுதான் விளக்கம். வீட்டுக்காரரைக் கேட்காமல் அலமாரியை ஒழுங்குபடுத்தும் விருந்தாளியும் இதையேதான் சொல்வார்.

அடுத்து 2007. மெனு பாரையே தூக்கிவிட்டு ரிப்பன் வந்தது. நியாயமாகச் சொன்னால், நோய் உண்மையானது. வேர்டு 2003-இல் 1500-க்கும் மேற்பட்ட கட்டளைகள் இருந்தன. பழைய மெனுக்கள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ரிப்பனில் பல பட்டன்களுக்குப் பக்கத்தில் பெயரும் எழுதியிருந்தது, அதுவும் நல்லதே. ஆனால் அவரவர் விருப்பப்படி டூல்பார் அமைத்துக்கொள்ளும் வசதியை மேலே இருந்த ஒரு குட்டிப் பட்டையோடு நிறுத்திவிட்டார்கள். சொந்தமாக ஒரு டேப் சேர்த்துக்கொள்ள 2010 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆபீஸில் பழைய ஆல்ட் கீ வழிகளை மட்டும் விட்டுவைத்தார்கள். எக்ஸெல்லில் ஆல்ட், ஈ, எஸ், வி என்று வரிசையாக அடித்தால் மதிப்புகள் மட்டும் பேஸ்ட் ஆகும். மெனு போய் இத்தனை வருடம் ஆகியும் அந்த வழி வேலை செய்கிறது. ஏன் விட்டுவைத்தார்கள்? கணக்கு எழுதுகிறவர்களின் விரல் ஞாபகத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும்! மவுஸ் பிடிக்கிறவரின் ஞாபகம் மட்டும் என்ன பாவம் செய்தது?

இது மைக்ரோசாஃப்ட் மட்டும் செய்த காரியமும் அல்ல. இலவச மென்பொருள் உலகத்திலும் இதே கூத்துதான். லினக்ஸில் க்னோம் கூட்டத்தின் ஜிஎடிட் அழகான, அமைதியான எடிட்டர். 2014-இல் வந்த 3.12 பதிப்பில் மெனு பாரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு பட்டனுக்குள் அடைத்தார்கள். ஆனால் அங்கே ஒரு நல்ல விஷயம், மூலநிரல் திறந்திருந்தது. பழைய ஜிஎடிட்டிலிருந்து ஏற்கெனவே ப்ளூமா என்று ஒரு எடிட்டர் கிளைத்திருந்தது. அதிலிருந்து 2016-இல் லினக்ஸ் மின்ட்காரர்கள் எக்ஸ்எட் என்று இன்னொன்று எடுத்தார்கள். இரண்டிலும் மெனு பார் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மெனு பார் வேண்டும் என்று கேட்டவர்கள் யாரோ நாலு பழமைவாதிகள் என்றால், இத்தனை பேர் இத்தனை வருடம் உட்கார்ந்து இதைப் பராமரிப்பார்களா?

கடைசியில் நோட்பேடையும் விடவில்லை. விண்டோஸ் 11-க்கு வந்த புதிய நோட்பேடில் ஃபார்மேட் மெனு காணாமல் போனது. வேர்ட் ராப் வியூ மெனுவுக்குக் குடிபோனது. எழுத்துருவை மாற்றப் போனால் செட்டிங்ஸ் என்று ஒரு தனிப் பக்கம் திறக்கிறது. 2025-இல் போல்டு, இட்டாலிக் என்று ஒரு பட்டையும், கோபைலட் பட்டனும் வந்து உட்கார்ந்தன. வேண்டாம் என்றால் அணைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் 'உன் மேஜையில் என்ன வேண்டும்?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இவர்கள் சொல்லும் சமாதானங்களையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, 'திரையில் இடம் இல்லை'. மெனு பார் பிடிப்பது ஒரு வரி எழுத்து அளவு இடம். ஜிஎடிட்டில் அதை எடுத்துவிட்டு வைத்த தலைப்புப் பட்டை, பழைய தலைப்புப் பட்டையை விடத் தடிமன்! இடம் வேண்டும் என்றால் கேடிஈ செய்வதைப் போலச் செய்யலாம். அங்கே கேட் எடிட்டரில் கண்ட்ரோல்-எம் அடித்தால் மெனு பார் மறையும், திரும்ப அடித்தால் வரும். மறைப்பது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு, 'எதற்கு மெனு, தேடினால் போதுமே'. சப்லைம் டெக்ஸ்டில் வந்து, விஎஸ் கோடு பிரபலமாக்கிய வசதி இது. கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி அடித்துப் பெயரைத் தட்டினால் கட்டளை வரும். நல்ல வசதிதான். ஆனால் தேட வேண்டுமென்றால் பெயர் தெரிய வேண்டுமே! நோட்பேடு++ திறந்து எடிட் மெனுவில் லைன் ஆபரேஷன்ஸ் என்பதை விரித்தால், ஒரே வரி இரண்டு முறை வந்திருந்தால் நீக்கும் வசதி இருக்கிறது. வகுப்புப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கிற மாணவர் அதை ஒருநாள் வேறெதையோ துழாவும்போது தற்செயலாகப் பார்ப்பார். அன்றிலிருந்து அரை மணி நேர வேலை ஒரு நொடியில் முடியும். இல்லாத ஒன்றை யாரும் தேடலாம், இருப்பதே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது?

மூன்று, 'டூல்பாரைத் திறந்துவிட்டால் பயனர்கள் தெரியாமல் இழுத்துத் தொலைத்துவிடுகிறார்கள்'. நடக்கும்தான். அதற்குத்தான் பூட்டும், 'பழையபடி வை' என்று ஒரு பட்டனும். கேடிஈயில் டூல்பாரைப் பூட்டி வைக்கலாம். தேவையானபோது பூட்டைத் திறந்து பட்டன்களைச் சேர்க்கலாம், எடுக்கலாம், வரிசை மாற்றலாம். குழந்தை கீழே விழும் என்று நடக்கவே விடாமல் இருப்பார்களா?

நான்கு, 'படமே போதும், எழுத்து எதற்கு'. சேவ் பட்டனில் இன்னமும் ஃப்ளாப்பி படம்தான். சோனி 2011-லேயே ஃப்ளாப்பி தயாரிப்பை நிறுத்தியாயிற்று. இன்று கல்லூரிக்குள் நுழைகிறவர்களில் எத்தனை பேர் ஃப்ளாப்பியைக் கையில் பிடித்திருப்பார்கள்? பார்வையில்லாதவர்களின் நிலைமை இன்னும் மோசம். என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் ஆல்ட் அடித்து, அம்புக்குறியால் நகர்ந்து, மெனுவை ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே போகலாம். பெயர் வைக்காத படத்தின் மேல் போனால் அது 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன்? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு கம்பெனி பழைய மெஷினைத் தூக்கிப் போட்டால் அந்த நஷ்டத்தை லாப நஷ்டக் கணக்கில் காட்டியாக வேண்டும். ஒரு டைப்பிங் சென்டரில் பத்து வருடம் உட்கார்ந்து ஒருவர் சம்பாதித்த கைப்பழக்கத்தை ஒரே அப்டேட்டில் தூக்கிப் போட்டால்? அது யாருடைய பேரேட்டிலும் ஏறாது. மனு எழுதக் காத்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால், பட்டனைத் தேடிக்கொண்டு அவர்தான் அவமானப்பட வேண்டும். 'வயசாயிடுச்சு, புதுசு கத்துக்க முடியல' என்று பேச்சும் அவர்தான் கேட்க வேண்டும். மாற்றியவருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

மாற்றாமல் வளர முடியாது என்பதும் பொய். காமர்ஸ் படிக்கிற எல்லாருக்கும் டேலி தெரியும். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். 2020-இல் டேலி பிரைம் வந்தபோது திரையின் தோற்றமே மாறியது. இந்தக் கீக்கள் மாறவில்லை. கடையில் வவுச்சர் போடுகிறவர் மறுநாள் காலையிலும் கீபோர்டைப் பார்க்காமல் வவுச்சர் போட்டார்.

கேட்பது பெரிய வரம் ஒன்றும் இல்லை. மெனு பார் கண்ணுக்குத் தெரியட்டும், வரிசை மாறாமல் இருக்கட்டும், வேண்டாதவர் மறைத்துக்கொள்ளட்டும். டூல்பாரில் எது இருக்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துகிறவர் தீர்மானிக்கட்டும், பட்டனுக்குக் கீழே பெயர் போட்டுக்கொள்ள வழி இருக்கட்டும். புதிய வசதி வந்தால் புதிய வரியாகச் சேரட்டும், பழைய வரியைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டாம். அப்டேட் வந்தாலும் அவரவர் அமைத்தது அப்படியே இருக்கட்டும்.

கேட் எடிட்டரில் இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் இலவசமாக. காசு வாங்கிக்கொண்டு விற்கிறவர்களுக்கு மட்டும் இது ஏன் முடியவில்லை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும் :-)