அந்தக் காலத்திலேயே அளந்து காட்டினார்கள்
பருவ வயதில் பையன்களைப் போலப் படித்தால் பெண்ணின் கருப்பை வளர்ச்சி குன்றும் என்று 1873இல் ஒரு புத்தகத்தில் எழுதினார் ஹார்வர்டு மருத்துவர் எட்வர்டு கிளார்க். "அன்றைய அறிவியல் அவ்வளவுதான்" என்று அவருக்காக வாதாடுவதை என்னால் ஏற்க முடியாது. அவர் காட்டிய ஆதாரம், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளின் கதை. அதே காலத்து மருத்துவர்தானே மேரி புட்னம் ஜேக்கபி? அவர் பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். மாதவிடாய் நாள்களில் நாடித்துடிப்பையும் தசைவலிமையையும் கருவி வைத்து அளந்தார். ஊட்டமுள்ள பெண்ணுக்கு அந்நாள்களில் ஓய்வு கட்டாயமில்லை என்று முடிவு கண்டார். இதை விளக்கி அவர் எழுதிய கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசே கிடைத்தது! கிளார்க்கின் புத்தகமோ பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. இளவயதில் அது தன்னைப் பேயாக அச்சுறுத்தியதைப் பின்னாளில் சொன்னார் கேரி தாமஸ். பயத்தை மீறிப் படித்தவர், பிரின் மார் கல்லூரித் தலைவரானார். மீற முடியாத பெண்களுக்கு யார் பதில் சொல்வது?