ரீல்ஸ் பார்த்து கெட்டுப்போகும் பசங்க... கபடி மாஸ்டருக்கு தெரியுமா அந்த பாஷை?

கவரைப்பேட்டை:

கம்பெனியில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து, சாயங்காலம் ஊர் பசங்களுக்கு கபடி, வாலிபால் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் உண்டு. சம்பளம் கிடையாது. ரெய்டு போகும் பையன் எந்த காலை முன்னால் வைப்பான் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் பிராக்டீஸ் முடிந்து மூலையில் உட்கார்ந்து செல்போனில் அவன் எதைப் பார்த்து சிரிக்கிறான் என்பது மட்டும் தெரியாது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்கள் திருத்தணியை நினைத்துப் பார்க்கட்டும். நம்ம மாவட்டம்தான். 2025 டிசம்பர் கடைசியில், மின்சார ரெயிலில் வந்த வடமாநில வாலிபரை அரிவாள் காட்டி மிரட்டி ரீல்ஸ் எடுத்தது ஒரு கும்பல். பிறகு ஒதுக்குப்புறமாக கொண்டுபோய் சரமாரியாக வெட்டியது. அந்த வீடியோவும் இன்ஸ்டாகிராமில் வந்தது. பிடிபட்ட 4 பேருக்கும் வயது 17!

2024 அக்டோபரில் சென்டிரல் பகுதியில் தாக்கப்பட்டு இறந்த மாநில கல்லூரி மாணவரும் திருத்தணி பக்கத்துக்காரர்தான். அது 'ரூட்டு தல' சண்டை. கும்மிடிப்பூண்டி லைனிலும் அந்த பெயர் புதுசு இல்லை.

இவர்கள் எல்லாம் விளையாட்டு வீரர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கிரவுண்டுக்கு வரும் பசங்களுக்கும் அதே வயசு, கையில் அதே போன். சிப்காட் இருப்பதால் வடமாநில தொழிலாளர்கள் ஏராளமாக தங்கியிருக்கும் ஏரியா வேறு இது.

கத்தி ரீல்ஸாவது கண்ணுக்கு தெரியும். தெரியாமல் ஏறும் விஷம் இன்னொன்று. ஜிம் பாடி வளர்ப்பது எப்படி என்று ஆரம்பிக்கும் வீடியோ, நாலாவது வீடியோவில் பொம்பளைங்களை நம்பாதே, அழுதால் நீ ஆம்பளையே இல்லை என்று போகும். அதற்கு 'ஆல்பா', 'சிக்மா' என்று பட்டப்பெயர். இந்த சரக்கை உலகம் முழுக்க பரப்பிய ஆண்ட்ரூ டேட் ஒரு முன்னாள் கிக் பாக்சிங் வீரர். ஆள்கடத்தல், பாலியல் பலாத்கார புகாரில் 2022 டிசம்பரில் ருமேனியா போலீசார் அவரை கைது செய்தனர். குற்றச்சாட்டை அவர் மறுத்து வருகிறார்.

2025-ல் வந்த 'அடோலசென்ஸ்' என்ற இங்கிலாந்து தொடரில் 13 வயது பையன், பள்ளி மாணவியை குத்திக் கொன்றுவிடுகிறான். இன்ஸ்டாவில் அந்த பெண் போட்ட பொம்மை குறிகளைப் பார்த்து, இருவரும் நண்பர்கள் என்று நினைக்கிறார் போலீஸ் அதிகாரி. 'அது நட்பு இல்லப்பா, கேலி' என்று விளக்குவது, அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்! போலீசுக்கே அந்த கதி என்றால் பி.டி. மாஸ்டர் என்ன செய்வார், பாவம்.

ஆனால் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க திட்டம் ஒன்றை தழுவி மும்பையில் 2010-ல் 'பரிவர்தன்' தொடங்கினார்கள். முதலில் கிரிக்கெட் பயிற்சியாளர்களுக்கு பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் அவர்கள், பிராக்டீசோடு சேர்த்தே பெண்களை மதிப்பது, கோபத்தை அடக்குவது என்று பசங்களிடம் பேசினார்கள். எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. ஆனாலும் பெண்களைப் பற்றிய எண்ணம் அந்த பசங்களிடம் மற்றவர்களைவிட நல்லபடியாக மாறியது ஆய்வில் தெரிந்தது.

நம்ம ஊரில் போனை பிடுங்கி வைத்தால் பையன் வேறு ஐ.டி.யில் வருவான். 'இந்த வார்த்தைக்கு என்னடா அர்த்தம்?' என்று மாஸ்டர் சாதாரணமாக கேட்டால் பேச்சு வரும். 'பொம்பளை மாதிரி ஆடாதே' என்று கிரவுண்டில் கத்துவதையும் விடவேண்டும். ரீல்ஸ்காரன் சொல்வதும் அதைத்தானே!

டீமுக்கு பெரும்பாலும் இரண்டு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். மாஸ்டர் இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று. வில்லங்கம் எல்லாம் இரண்டாவதில்தான். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆபாச படத்தை பார்வர்டு செய்வது மட்டும் அல்ல, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதும் போக்சோவில் மாட்டிவிடும் என்று அம்பத்தூர் வாலிபர் வழக்கில் 2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. இதை பசங்களிடம் மாஸ்டர் ஒரு தடவையாவது சொல்லி வைப்பது நல்லது.

பையன் போக்கு பிடிபடவில்லை என்றால் 14416-க்கு போன் போடலாம். மனநல ஆலோசனை இலவசம். சிறுவர்களுக்கு ஆபத்து என்றால் 1098.