கருவி வளர்ந்தது, கதவு திறந்தது

நம் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 7,600 அடி ஆழத்தில், நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தை 1965-ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டனர். அவ்வாராய்ச்சியில் முன்னின்ற டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமே, அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னர், பம்பாயில் 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறியை அமைத்திருந்தது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் ஆவார்.

டிஃப்ராக்கில் 2,700 வால்வுகள் இருந்தன. இன்று உயர்வகைக் கைப்பேசியின் ஒரு சில்லிலே ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் அடங்குகின்றன. வியப்புத்தான்! எனினும், நம் பிள்ளைகட்குக் கதவைத் திறந்தது பொறியின் வேகம் மட்டுமன்று.

அந்நாளில் கணிப்பொறிக்கு அதன் எண்குறிகளிலேயே கட்டளையிட வேண்டும். அம்மொழி வல்லார் மிகச் சிலரே. மனிதர் எழுதுவதைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் நிரலே கம்பைலர். பன்மொழியினர் கூடி வாழும் நம் ஊரில் துபாஷியின் அருமையை விளக்கவும் வேண்டுமோ? 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபார்ட்ரான் மொழியையும் அதன் கம்பைலரையும் அளித்தனர். ஈரோட்டிற் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன் 1960-களில் கான்பூரில் அம்மொழியை மாணவர்க்குக் கற்பித்தார். 1987-இல் ஜி.சி.சி. என்னும் கம்பைலர் விலையின்றியே வெளிவந்தது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்பும் பிள்ளைகள் நம் இல்லங்களில் எத்தனை பேர்! "கம்ப்யூட்டர் படிப்பு பணம் படைத்தோர்க்கே" என்று எண்ணி, மகளை அதனின்றும் விலக்கும் பெற்றோரையும் நாம் காண்கிறோம். அன்பர்களே, அவ்வெண்ணத்தை விடுங்கள். பழைய கணிப்பொறி ஒன்று போதும். கம்பைலருக்குக் காசு வேண்டா.

ஆயின் ஒன்று. எழுத்துப் பிழையையும் இலக்கணப் பிழையையும் கம்பைலர் சுட்டிக் காட்டும். எண்ணத்தின் பிழையை அது அறியாது. ஏழால் வகுக்க வேண்டிய கணக்கை ஆறால் வகுத்தெழுதினால், அப்படியே மொழிபெயர்த்துவிடும். நாம் கருதியதை அன்று, எழுதியதையே அது பொறிக்கு உரைக்கும்.

ஆகவே, முதலில் நோட்டும் பென்சிலும் கொடுத்து, செய்ய வேண்டியதைப் படிப்படியாக எழுதிப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். மற்றதைத் துபாஷி பார்த்துக்கொள்வான்.