புவியின் வெப்பக் கணக்கு: அளக்கும் பொறுப்பில் இந்தியாவுக்கும் பங்கு வேண்டும்

புவி வெப்பமடைதல் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்த ஆண்டில் எத்தனை டிகிரி கூடியது என்பதோடு நின்றுவிடுகிறது. எல் நினோ தோன்றினால் ஏறியும் மறைந்தால் சற்றுத் தணிந்தும் வரும் அந்த எண்ணைவிட, சூரியனிடமிருந்து புவி ஏற்கும் ஆற்றலுக்கும் விண்வெளிக்கு அது திருப்பியனுப்பும் ஆற்றலுக்கும் இடையிலான வேறுபாடே காலநிலையின் போக்கைத் தெளிவாகக் காட்டுவது. அதை இடைவிடாது அளக்கும் பணி இன்று பெருமளவு அமெரிக்கச் செயற்கைக்கோள்களை நம்பியிருக்கும் நிலையில், இந்தியாவும் தன் பங்குக்கு ஒரு கருவியை விண்ணில் நிறுத்த முன்வர வேண்டும்.

வளிமண்டலத்தின் உச்சியில், இரவு பகல் சேர்த்துப் புவிப்பரப்பு முழுவதற்கும் சராசரி கண்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 340 வாட் சூரிய ஆற்றல் வந்து சேர்கிறது. அதில் சுமார் 100 வாட்டை மேகங்களும் பனியும் நிலப்பரப்பும் எதிரொளித்துவிட, எஞ்சியதைப் புவி ஈர்த்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகிறது. கரியமில வாயு பெருகும்போது இந்த வெளியேற்றம் குறைந்து வரவு செலவை விஞ்சுவதால், சமநிலை திரும்பும்வரை புவி சூடேறியே தீர வேண்டும்.

கரியமில வாயு இரட்டிப்பானால், அந்த ஒன்றால் மட்டும் உயரக்கூடிய வெப்பநிலை 1 டிகிரி செல்சியசுக்குச் சற்றே மேல். ஆனால், ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைக் கொள்ளும் திறன் பெறுகிறது; நீராவியும் வெப்பத்தைத் தடுத்துவைக்கும் வாயுவே ஆதலால் சூடு மேலும் ஏறுகிறது. விளைவு திரும்பவும் காரணத்தைப் பாதிக்கும் இத்தகைய சுழற்சியே பின்னூட்டம் எனப்படுகிறது. 1991-இல் பிலிப்பைன்சின் பினட்டூபோ எரிமலை வெடித்துப் புவி சற்றுக் குளிர்ந்தபோது காற்றின் நீராவியும் குறைந்தது. கணினி மாதிரிகள் இச்சுழற்சியைச் சரியாகவே கணித்திருந்தன என்பதற்கு இயற்கையே அளித்த சான்று அது. பனி உருகிக் கருநிறக் கடல் வெளிப்படுவதால் கூடும் வெப்பம் உள்ளிட்ட எல்லாப் பின்னூட்டங்களையும் சேர்த்து, அந்த உயர்வு சுமார் 3 டிகிரியாக இருக்கும் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021-இல் மதிப்பிட்டது. இதில் மிகுதியான ஐயத்துக்கு இடமளிப்பவை மேகங்களே.

அந்த ஐயம் இன்று அவசரமானதாகிவிட்டது. 2005-க்கும் 2019-க்கும் இடையில் இந்த ஆற்றல் வரவு செலவின் சமநிலைக் குறைபாடு சதுர மீட்டருக்குச் சுமார் அரை வாட்டிலிருந்து ஒரு வாட் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ இருமடங்காக, உயர்ந்திருக்கிறது. புவி முன்னைவிடக் குறைவான ஒளியை எதிரொளிப்பது அதற்கு முக்கியக் காரணம். அதில் மேகப் பின்னூட்டத்தின் பங்கு எவ்வளவு, ஒளியை எதிரொளிக்கும் காற்று மாசு குறைந்ததன் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தே இனிவரும் வெப்பத்தின் வேகம் அமையும். தொடர்ந்த அளவீடு இல்லாமல் இதற்கு விடை காண முடியாது.

கடலில் இந்தியா ஏற்கெனவே தன் கடமையைச் செய்துவருகிறது. மிகுதியான வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடலே ஏற்பதால், ஆர்கோ மிதவைகள் அதைக் கணக்கிடுகின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகரும் மிதவை, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வழிநெடுக வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்தபடி மேலெழுந்து, செய்தியைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குகிறது. ஐதராபாத்தின் இந்தியக் கடல் தகவல் சேவை மையமும் இத்தகைய மிதவைகளை இந்தியப் பெருங்கடலில் விட்டுவருகிறது.

விண்ணில்தான் குறை. 2000 முதல் புவியின் கதிர்வீச்சைப் பதிவு செய்துவரும் அமெரிக்காவின் செரஸ் கருவிகளில், டெரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ளவை முதுமையை எட்டிவிட்டன. அடுத்துத் திட்டமிடப்பட்டுள்ள லிபரா ஒற்றைக் கருவி. பழைய கருவி ஓய்வதற்குள் புதியது மேலே சென்று, சில காலம் இரண்டும் சேர்ந்து அளந்தால்தான் அளவுகளை ஒப்பிட முடியும். இடையில் விழும் இடைவெளியைப் பின்னர் எவராலும் நிரப்ப இயலாது. 2011-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சுச் செயற்கைக்கோளான மேகா-டிராபிக்ஸ், ஸ்காரப் என்னும் பிரெஞ்சுக் கருவியால் வெப்பமண்டலத்தின் கதிர்வீச்சை அளந்தது. 2023 மார்ச்சில் அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. செலவைக் காரணம் காட்டித் தயங்குவோர், இந்த நாட்டின் பயிரும் குடிநீரும் பருவமழை மேகங்களை நம்பியிருப்பதை எண்ண வேண்டும். இஸ்ரோவும் புவி அறிவியல் அமைச்சகமும் முழுப்புவியையும் அளக்கும் கதிர்வீச்சுக் கருவிக்கு நிதியும் காலவரையறையும் வகுத்து, செரஸ் இயங்கும் காலத்திலேயே அதை ஏவ வேண்டும். அதன் தரவுகளை எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் கட்டணமின்றித் திறந்துவிடவும் வேண்டும்.