ஆமும் இல்லையும் ஒன்றா?

"தொடரலாமா? ஒய் அல்லது என் அழுத்துக" என்று கேட்கின்றது கணிப்பொறி. வினா தமிழில்; விடையோ ஆங்கில எழுத்தில்! 2018இலும் 2019இலும் வெளிவந்த மேனிலைப் பாடநூல்கள் சி++, பைத்தான் ஆகிய நிரல்மொழிகளைத் தமிழ்வழியிலேயே கற்பித்தன. பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளும் அவற்றைத் தமிழில் கற்றனர். ஆயினும் நிரல் எழுத அமர்ந்தால் ஒய்யும் என்னுமே முந்தி நிற்கின்றன. கேட்டால், "தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது" என்பார் உளர். அது பழியே அன்றி உண்மையன்று.

கட்டளைவரி நிரல் விடை கேட்கும்போது, உள்ளிடு விசையை அழுத்தும்வரை முனையம் அவ்வரியைத் தன்னிடமே நிறுத்தி வைக்கும். அந்த வரிமுறையை நீக்கிவிட்டால், விசை அழுந்திய நொடியே அது நிரலைச் சென்றடையும். ஒற்றை விசையால் விடை பெறும் வழி இதுவே. ஆனால் அங்கே ஒரு பைட்டை, அதாவது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை, மட்டும் படித்து நிறுத்துவது பழைய வழக்கம். 1963இல் அமெரிக்கர் வகுத்த ஆசுக்கி முறைக்கு அது போதும். தமிழுக்குப் போதுமா?

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் 'ஆ' என்பது 224, 174, 134 என்னும் மூன்று பைட்டுகள். 'இ' என்பது 224, 174, 135. மூன்றாவதில்தான் வேற்றுமை. முதற் பைட்டை மட்டும் படிக்கும் நிரலுக்கு ஆம் என்றாலும் 224. இல்லை என்றாலும் 224! எஞ்சிய இரண்டும் வரிசையில் காத்திருந்து, அடுத்த வினாவுக்குக் கேளாத விடையாய்ப் போய் விழும். "கோப்பை அழிக்கலாமா?" என்னும் இடத்தில் இவ்வாறு நேர்ந்தால் விளைவு யாது?

குறை விசைப்பலகையிலா? அன்று. 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி வந்து, தமிழக அரசும் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் 'ஆ'வுக்கு ஒரு விசை, 'இ'க்கு ஒரு விசை. அழுத்துவது ஒருமுறைதான். படிக்கின்ற நிரலே பாதியில் நின்றுவிடுகின்றது.

மருந்து எளிது. முதற் பைட்டு 224 முதல் 239 வரை இருப்பின், மேலும் இரண்டைப் படித்து மூன்றையும் ஓர் எழுத்தாகக் கொள்ளவேண்டும். 'ஆ' எனின் தொடர்க. 'இ' எனின் நிறுத்துக. வேறெனின் மீண்டும் வினவுக. முடிவில் முனையத்தைப் பழைய நிலைக்கு மீட்டுவிடுக. 'கி' போன்ற உயிர்மெய்க்கு இரு குறிகளும் ஆறு பைட்டுகளும் வேண்டுமாதலின், ஒற்றை விடைக்கு உயிரெழுத்தே தக்கது. ஆமும் இல்லையும் உயிரில் தொடங்குவது தமிழின் பேறு!

செயங்கொண்டத்திலும் வேப்பந்தட்டையிலும் கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு முதற் பயிற்சியாக வைக்கட்டும். சில வரிகளில் முடியும் பணி இது. தமிழெழுத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் படித்துவிட்டுத் தமிழ்மேல் குறை கூறுவதை இனியேனும் விடுவோமாக! முழு எழுத்தையும் படிக்கக் கற்றுக்கொடுத்தால், பொறி தமிழறியும். பிள்ளையும் தன் மொழியை நம்பும்.